மும்பை வி.டி. நிலையத்தை நின்று பார்க்கும் முறை

மும்பையின் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸை, அதாவது பழைய விக்டோரியா டெர்மினஸ் என்ற வி.டி. ரயில் நிலையத்தை, ஒரு கட்டடமாகப் பார்க்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அன்றைய தினம் அங்கிருந்து எந்த ரயிலையும் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதபடி நாளை அமைத்துக்கொள்வதுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நடைமேடை எண்ணைத் தேடிக்கொண்டு ஓடுகிறவரின் கண்ணில் இந்த நிலையத்தின் எந்தச் சிற்பமும் படாது. நானே பலமுறை அப்படி ஓடியிருக்கிறேன். அதன் கூரையில் ஒரு பெண் நிற்கிறாள் என்பதைக் கவனிக்க எனக்குப் பல பயணங்கள் ஆயின. இரண்டரை மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கினால் வெளிப்புறத்தையும், பொதுமக்கள் போகக்கூடிய உட்புறத்தையும் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கட்டடத்தின் முகப்பு மேற்கு நோக்கியது. ஆகவே காலையில் போனால் முகம் நிழலில் இருக்கும். சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் வெயில் சாய்ந்து முகப்பில் விழும்போதுதான் மஞ்சள் கல்லின் நிறமும், கூர்வளைவுகளின் ஆழமும், செதுக்கல்களின் மேடுபள்ளமும் தெளிவாகும். ஆனால் ஐந்தரை மணிக்கெல்லாம் அலுவலகம் விட்ட கூட்டம் நிலையத்திற்குள் ஆறுபோலப் பாயத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு உள்ளே நின்று எதையும் அண்ணாந்து பார்ப்பது உங்களுக்கும் இடைஞ்சல், மற்றவர்களுக்கும் இடைஞ்சல். எனவே வார நாளில் போகிறவர் இரண்டரை மணிக்கு உட்புறத்தில் தொடங்கி, நான்கு மணிக்கு வெளியே வந்து முகப்பைப் பார்ப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு என்றாலும் அலுவலகப் பகுதியும் அதிலுள்ள சிறு அருங்காட்சியகமும் மூடியிருக்கும். நான் கீழே வெளிப்புறத்தை முதலில் விளக்கியிருப்பது புரிதலுக்காக மட்டுமே. நடக்கும் வரிசையை வெயிலைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

போவதற்கு முன் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய வரலாறு அதிகமில்லை; ஆனால் அது இல்லாமல் பார்த்தால் கட்டடம் வெறும் அலங்காரமாகவே தோன்றும். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பிற்பகலில் பம்பாயின் போரி பந்தரிலிருந்து தானேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியது. 14 பெட்டிகளில் ஏறத்தாழ 400 விருந்தினர்கள். சாஹிப், சிந்து, சுல்தான் என்று பெயரிடப்பட்ட மூன்று எஞ்சின்கள். புறப்பாட்டின்போது 21 பீரங்கி முழக்கங்கள். 'போரி' என்றால் சாக்கு, 'பந்தர்' என்றால் துறை. கப்பலிலிருந்து இறங்கிய சரக்குச் சாக்குகளைப் போட்டுவைத்த கரை அது. அந்தக் கோணித்துறையில் இருந்த எளிய நிலையம்தான் இன்றைய நிலையத்தின் முன்னோடி. ரயிலை ஓட்டியது லண்டனில் 1849இல் சட்டப்படி அமைக்கப்பட்ட கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே என்ற தனியார் கம்பெனி. உள்நாட்டுப் பருத்தியைத் துறைமுகத்திற்குக் கொண்டுவருவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும், அங்கிருந்து பருத்தி வராமல் தவித்த இங்கிலாந்தின் ஆலைகள் பம்பாயின் பக்கம் திரும்பின. நகரத்தில் பணம் கொட்டியது. ஆளுநர் பார்ட்டில் ஃப்ரியர் பழைய கோட்டைச் சுவர்களை இடிக்கச் செய்து, வெளிப்பட்ட நிலத்தில் புதிய பொதுக் கட்டடங்களுக்கு வழி திறந்தார். 1865இல் போர் முடிந்து பருத்தி விலை சரிந்ததும் பலர் திவாலானார்கள். ஆனால் கட்டடங்களுக்கான உந்துதல் நின்றுவிடவில்லை. இதற்கிடையே 1863இல், மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே உள்ள 'போர் காட்' (Bhor Ghat) என்ற கணவாய் வழியாக மலைப்பாதை திறக்கப்பட்டது. 1871இல் கம்பெனியின் தென்கிழக்குப் பாதை ராய்ச்சூரில் மதராஸ் ரயில்வேயின் பாதையோடு இணைந்தது. சென்னையிலிருந்து ராய்ச்சூர், சோலாப்பூர், புனே வழியாக மும்பைக்கு வருகிறவர் இன்றும் வருவது பெரும்பாலும் அந்தப் பாதையில்தான். வடக்கிலும் தெற்கிலும் இணைப்புகள் கிடைத்துவிட்ட ஒரு கம்பெனி, தன் செல்வத்துக்கும் அதிகாரத்துக்கும் தகுந்த ஒரு தலைமையகம் வேண்டும் என்று நினைத்தபோது பிறந்த கட்டடமே இது. 1878இல் வேலை தொடங்கி 1888இல் முடிந்தது. முழுதும் முடிவதற்கு ஓராண்டு முன்பே, 1887இல், அரசியின் பொன்விழாவை ஒட்டி விக்டோரியா டெர்மினஸ் என்று பெயரிட்டார்கள். செலவு 16 லட்சம் ரூபாய்க்குச் சற்று அதிகம்.

'தலைமையகம்' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். இந்த நிலையத்தைப் பார்க்கிறவர்கள் செய்யும் பெரிய தவறு, சாலையிலிருந்து தெரியும் பிரம்மாண்டம் முழுவதும் பயணிகளுக்காகக் கட்டப்பட்டது என்று எண்ணிக்கொள்வது. உண்மையில் சாலையோரம் தெரிவதில் மிகப் பெரும் பகுதி கம்பெனியின் அலுவலகம். இன்று அது மத்திய ரயில்வேயின் தலைமையகம். ரயில்கள் வந்து நிற்கும் கொட்டகை அதையொட்டிப் பின்னால், அடக்கமாக, சாலையில் நிற்பவர் கண்ணுக்குப் படாமல் இருக்கிறது. கோயிலுக்கு உவமை சொன்னால், இங்கே கோபுரம் நிர்வாகிகளுக்கு, பின்புறத் திருச்சுற்று மக்களுக்கு. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு அலங்காரமும் யாரை நோக்கிப் பேசுகிறது என்பது விளங்கும்.

முகப்பைப் பார்க்கச் சாலையைக் கடந்து எதிர்ப்புறம், மாநகராட்சிக் கட்டடத்தின் பக்கமாக உள்ள நடைபாதைக்குப் போய்விட வேண்டும். நிலையத்தின் வாசலிலேயே நின்று அண்ணாந்தால் குவிமாடம் மறைந்துவிடும். எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் கட்டடத்தின் தரைத் திட்டம் புரியும். நடுவில் குவிமாடம் தாங்கிய உயர்ந்த பகுதி, அதன் இருபுறமும் முன்னோக்கி நீளும் இரண்டு சிறகுகள், நடுவே ஒரு முற்றம். மூன்று பக்கம் மூடி, ஒரு பக்கம் சாலையை நோக்கித் திறந்த அமைப்பு இது. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்தான 'சி'யின் வடிவம். நடுவே ஒரு கோடு கிழித்தால் இடமும் வலமும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். சிறு கோபுரங்களும் கூம்புகளும் சாளரங்களும் எண்ணிக்கையில் மிகுந்து குழப்பினாலும் கண் தடுமாறாமல் நடுவுக்கே திரும்பி வருவதற்கு இந்தச் சமச்சீர்தான் காரணம்.

இப்போது உச்சியிலிருந்து கீழாகப் பார்வையை இறக்க வேண்டும். குவிமாடத்தின் மேல் நிற்கும் பெண்ணுருவத்துக்கு 'முன்னேற்றம்' என்று பெயர். வலக்கையில் மேல்நோக்கிய தீவட்டி. இடப்பக்கம் ஆரங்கள் கொண்ட சக்கரம். தாமஸ் ஏர்ப் என்ற ஆங்கிலச் சிற்பி செய்தது. தொலைநோக்கி வைத்திருப்பவர் அதைக் கொண்டுபோக வேண்டிய இடம் இது. கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலும் சக்கரம் ஓரளவு தெரியும்.

அவள் கால்களுக்குக் கீழே இருக்கும் குவிமாடம்தான் கட்டடக் கலை அறிந்தவர்கள் பெரிதும் பேசும் பகுதி. எட்டுப் பட்டை கொண்டது. ஒவ்வொரு பட்டை சேரும் இடத்திலும் விலா எலும்புபோல ஒரு கல்வரி மேலேறுகிறது. சாதாரணமாக வளைவோ குவிமாடமோ கட்டும்போது அடியில் மரத்தால் ஓர் அச்சு அமைத்து, கல் முழுவதும் கூடித் தன்னைத் தானே தாங்கும் வரையில் அதன்மேல் தாங்கவைத்து, பிறகு அச்சை எடுப்பார்கள். இங்கே விலாக்களின் கற்களை ஒன்றுக்குள் ஒன்று கொளுவிக்கொள்ளும்படி வெட்டி, அத்தகைய அச்சு இல்லாமலே எழுப்பினார்கள் என்பதுதான் சிறப்பு. இத்தாலியக் கோதிக் பாணியில், அதாவது கூர்வளைவுகள் கொண்ட பழைய ஐரோப்பியக் கட்டட முறையில் அமைந்த கட்டடம் ஒன்றில் எட்டுப் பட்டைக் கல் குவிமாடத்தைப் பொருத்தியதும் அக்காலத்தில் புதுமையாகவே கருதப்பட்டது. லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தைப் பார்த்து இது கட்டப்பட்டது என்று பலரும் சொல்வார்கள். கூர்வளைவுகளும், முன்னால் பெருங்கட்டடம் பின்னால் ரயில் கொட்டகை என்ற ஏற்பாடும் இரண்டுக்கும் பொது என்பது உண்மை. ஆனால் அங்கே குவிமாடம் இல்லை; நடுமையமும் இல்லை. இரண்டையும் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமையைவிட வேற்றுமையே முதலில் கண்ணில் படும்.

குவிமாடத்துக்குக் கீழே நடுமுகட்டில் பெரிய கடிகாரம். அதற்குக் கீழே மேற்கட்டியுடன் கூடிய ஒரு மாடம் காலியாக இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. அங்கே அரசி விக்டோரியாவின் சிலை நின்றது; நாடு விடுதலை பெற்ற பிறகு அது அகற்றப்பட்டது. என்னைப் பொறுத்தவரை இந்த முகப்பில் மிகத் தெளிவாகப் பேசும் இடம் அந்த வெற்று மாடமே. வேறொருவர் சிலையை அங்கே வைக்காமல் விட்டதும் நல்லதே.

நடுமுகட்டிலும் இரு சிறகுகளின் முகடுகளிலும் உள்ள உருவங்கள் வேளாண்மை, வணிகம், பொறியியல் போன்றவற்றை மனித வடிவில் காட்டுபவை. தெய்வங்கள் இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு கம்பெனியின் தொழில்கள் அமர்ந்திருக்கின்றன. சுவர்களில் வட்டப் பதக்கங்களுக்குள் மார்பளவு உருவங்களும் இருக்கின்றன. கம்பெனியோடும் ஆட்சியோடும் தொடர்புடைய ஆங்கிலேயர் பலர் நடுவே, ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், ஜகந்நாத் சங்கர்சேட் ஆகிய பம்பாய்ப் பிரமுகர்கள் இருவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ரயில் வர வேண்டும் என்று முதலில் முயன்ற உள்ளூர்க்காரர்கள் அவர்கள். தலைப்பாகையை வைத்து அடையாளம் காணலாம்.

இனிச் சாலையைக் கடந்து திரும்பிவந்து வாயிற்கம்பியருகே நிற்கலாம். இரண்டு வாயில் தூண்களின் மேல் ஒன்றில் சிங்கமும் மற்றொன்றில் புலியும் பதுங்கியிருக்கின்றன. சிங்கம் பிரிட்டன், புலி இந்தியா. இவையும் ஏர்ப்பின் கைவேலை. அதிகாரத்தில் இருந்தவர்கள் இரண்டையும் சம உயரத்தில் வைத்தார்கள் என்பதைக் கல்லில் காட்டிய மரியாதை என்று கொள்வதா, கணக்கில் வராத மரியாதை என்று கொள்வதா என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

கீழ்த்தளத்துத் தூண்களின் போதிகைகளுக்கும் சாளர வளைவுகளுக்கும் தாராளமாக நேரம் கொடுங்கள். குவிமாடத்தைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுகிறவர்கள் இழப்பது இவற்றைத்தான். இலைகள், பூக்கள், பறவைகள், குரங்குகள், பாம்புகள் என்று ஒவ்வொன்றும் வேறுவேறாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வளைவின் உட்புறத்து மேற்பரப்பில் தோகை விரித்த மயில் ஒன்று உண்டு. நம் கோயில் விமானங்களின் கூடுகளைப் பார்த்துப் பழகிய கண் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். கூரை ஓரத்திலிருந்து வாய் திறந்து வெளியே நீளும் விலங்குத் தலைகள் வெறும் அலங்காரமல்ல. மழைநீர் சுவரில் வழியாமல் தள்ளி விழச் செய்யும் தாரைகள் அவை. கருவறைக்கு வெளியே கோமுகம் செய்யும் அதே வேலை. மழைக்காலத்தில் போவதற்கு ஒரு காரணம் உண்டு என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். மும்பை மழை கொட்டும்போது அந்த வாய்களைப் பார்க்க வேண்டும்.

இந்தச் செதுக்கல்களைச் செய்தவர்கள் அருகிலேயே இருக்கும் சர் ஜே.ஜே. கலைப்பள்ளியின் மாணவர்களும் கைவினைஞர்களும். அலங்கார இரும்பு வேலி, பித்தளைக் கம்பிகள், டிக்கெட் கவுன்டர்களின் வலைத் தடுப்புகள், மரச் செதுக்கல், படிக்கட்டுக் கைப்பிடிகள் ஆகியவற்றிலும் அப்பள்ளியின் பங்கு உண்டு. சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் இதையெல்லாம் லாக்வுட் கிப்ளிங் மேற்பார்வையில் செய்ததாகச் சொல்வார்கள்; கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட வேண்டாம். எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் தந்தையான அவர் அப்பள்ளியில் பணியாற்றியது உண்மை. ஆனால் 1875இலேயே லாகூருக்குப் போய்விட்டார். இங்கே அடித்தளம் தோண்டத் தொடங்கியதே 1878இல்தான். மேற்பார்வை செய்தவர் அவருக்குப் பின் பள்ளிப் பொறுப்பை ஏற்ற ஜான் கிரிஃபித்ஸ்.

கட்டடக் கலைஞரின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். ஃபிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் 1847இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்து, இருபதாவது வயதில் பொதுப்பணித்துறை ஊழியராக இந்தியா வந்தவர். பம்பாயில் கப்பல் மாலுமிகளுக்கான விடுதி ஒன்றை வடிவமைத்துப் பெயர் பெற்றார். அந்தக் கட்டடம் இன்று மகாராஷ்டிரக் காவல்துறைத் தலைமையகம். நிலையத்தை வடிவமைக்கும் பொறுப்பு வந்தபோது பத்து மாதம் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள நிலையங்களைப் பார்த்துவிட்டு வந்து வரைந்தார். அவருக்கு உதவிப் பொறியாளராக இருந்தவர் சீதாராம் கண்டேராவ். 1900இல் ஸ்டீவன்ஸ் பம்பாயிலேயே இறந்தார்.

எழும்பூர் நிலையத்தை நன்கறிந்த தமிழ்ப் பயணிக்கு இங்கே ஓர் ஒப்பீடு மிகவும் பயன்படும். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர், இந்தோ-சாரசெனிக் பாணியைச் சேர்ந்தது. மொகலாயக் கட்டடங்களின் குவிமாடங்களையும் நிழல்தரும் கூரை விளிம்புகளையும் எடுத்து, செங்கல்லிலும் வெண்காரையிலும் ஒரு புதிய நிலையத்தைச் செய்தது. மதராஸில் ராபர்ட் சிஷோமும் இர்வினும் இந்திய வடிவங்களை வெளிப்படையாக மேலே அணிவித்தார்கள். பம்பாயிலோ எலும்புக்கூடு ஐரோப்பியக் கோதிக். கூர்வளைவு, கூம்புக் கோபுரம், வண்ணக் கண்ணாடி என்று எல்லாமே அங்கிருந்து வந்தவை. இந்தியா அதன் தோலில், அதாவது கல்லின் நிறத்திலும் செதுக்கலின் மயிலிலும் குரங்கிலும் குடியேறியது. இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவாவது, மும்பைக்குக் கிளம்பும் முன் எழும்பூரின் முன்வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.

உள்ளே நுழைய, நடைமேடை டிக்கெட் எடுத்துக்கொள்வது முக்கியம். பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். டிக்கெட் இல்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பரிசோதகரிடம் சொல்லி யாரும் தப்பித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வடக்குச் சிறகின் தரைத்தளத்தில் உள்ள பழைய டிக்கெட் கூடத்துக்கு 'நட்சத்திர மண்டபம்' என்று பெயர். விதானத்தில் நீலத்தின்மேல் பொன்னிற நட்சத்திரங்கள் தீட்டப்பட்டதால் வந்த பெயர் அது. இத்தாலியப் பளிங்குத் தூண்களும் மெருகேற்றிய இந்திய நீலக்கல்லும் சேர்ந்து நிற்பதை இங்கே பார்க்கலாம். வரிசையில் நிற்பவர்களுக்கு வழிவிட்டு ஒரு தூணருகே ஒதுங்கி நின்று, முதலில் விதானத்தையும் பிறகு வளைவுகள் தூணோடு சேரும் இடத்தையும் கடைசியில் கவுன்டர்களின் வேலைப்பாட்டையும் பாருங்கள். கம்பெனி, தன் அலுவலகத்துக்கு மட்டுமே என்று வைத்திருந்த ஆடம்பரத்தில் பயணிகளுக்குக் கொடுத்த பங்கு ஏறத்தாழ இந்த ஓர் அறைதான்.

குவிமாடத்தின் அடியில் சுழன்றேறும் பெரிய படிக்கட்டு அலுவலகப் பகுதியில் இருப்பதால், நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது. வார நாட்களில் பிற்பகலில் கட்டணத்துடன் அருங்காட்சியகத்தையும் இந்தப் பகுதியையும் காட்டும் ஏற்பாடு உண்டு. நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால் போனவுடன் வாயிற்காவலரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வாய்ப்புக் கிடைத்தால், படிக்கட்டின் கீழ் நடுவில் நின்று நேராக மேலே பாருங்கள். படிகள் ஒரு பக்கம் சுவரில் மட்டும் பிடித்துக்கொண்டு மறுபக்கம் தாங்கு எதுவுமின்றி ஏறுகின்றன. வெளியே கண்ட அதே எட்டுப் பட்டைகளை, வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வழியே வரும் வெளிச்சத்தில் உட்புறமாகக் காணலாம். படம் எடுக்கும் முன் அனுமதி கேட்பது நல்லது.

அடுத்து ரயில் கொட்டகை. ஏறத்தாழ 1,200 அடி நீளம் கொண்டது. முகப்பின் ஆடம்பரத்திலிருந்து இதற்குள் நுழைந்ததும் ஏற்படும் ஏமாற்றம் இயல்பானது. இரும்புத் தூண், தகரக் கூரை, விளம்பரப் பலகை, ஒலிபெருக்கி. ஆனாலும் இங்கேதான் இந்திய ரயில்வேயின் இன்னொரு தொடக்கம் நிகழ்ந்தது. 1925 பிப்ரவரி 3 அன்று நாட்டின் முதல் மின்ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்குப் புறப்பட்டது. அன்று மேல்கம்பியில் ஓடியது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். இந்த நூற்றாண்டில்தான் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றப்பட்டது. இப்போதுள்ள 18 நடைமேடைகளில் முதல் ஏழு புறநகர் ரயில்களுக்கும், மற்றவை தொலைதூர ரயில்களுக்கும் உரியவை.

தொலைதூர ரயில்களுக்கான கூடம் கிழக்குப் பக்கம் உள்ளது. 1929இல் நிலையம் விரிவாக்கப்பட்டபோது உருவான பகுதி. கட்டடமாக அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய பகுதியோடு ஒப்பிட்டால் அது கணக்கர் ஒருவர் வரைந்ததுபோல இருக்கும். ஆயினும் அங்கே போகாமல் திரும்பக் கூடாது. 2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதிகள் இருவர் இந்தக் கூடத்தில் ரயிலுக்குக் காத்திருந்தவர்கள்மீது சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுக்கான நினைவுப் பலகையின் முன்னால் இன்றும் பெட்டி படுக்கையோடு மக்கள் உட்கார்ந்து வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். சில நிமிடம் அமைதியாக நின்றுவிட்டு வாருங்கள். அங்கே படம் எடுக்க வேண்டாம்.

பார்த்து முடித்து யாரிடமாவது பேசும்போது ஒரு கதை நிச்சயம் காதில் விழும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள ஃப்ளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் நிலையத்தின் வரைபடமும் இந்த நிலையத்தின் வரைபடமும் தபாலில் மாறிப்போய், அங்கே கட்ட வேண்டியது இங்கேயும் இங்கே கட்ட வேண்டியது அங்கேயும் கட்டப்பட்டுவிட்டன என்பது அந்தக் கதை. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆண்டுகளைப் பார்த்தால் நிற்காது. மெல்பர்ன் நிலையத்துக்கு வடிவமைப்புப் போட்டி நடந்தது 1899இல். கட்டி முடித்தது 1910இல். அந்தப் போட்டி அறிவிக்கப்பட்டபோது பம்பாய் நிலையத்தில் பத்தாண்டுகளுக்கு மேலாக ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன.

வழி கேட்கும்போது எந்தப் பெயரைச் சொல்வது என்பதும் ஒரு கேள்விதான். 1996இல் நிலையம் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது. 2017இல் 'மகராஜ்' சேர்ந்தது. அறிவிப்புகளிலும் பயணச்சீட்டிலும் 'சி.எஸ்.எம்.டி.' என்றே இருக்கும். ஆனால் டாக்சிக்காரரிடமும் பழைய மும்பைத் தமிழரிடமும் 'வி.டி.' என்றாலே போதும்; சில சமயம் அதைச் சொன்னால்தான் சட்டென்று புரியும். 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் பழைய பெயரை அடைப்புக்குள் வைத்துக்கொண்டது.

இரண்டு எச்சரிக்கைகள். நிலையத்தை மறுசீரமைக்க 2022இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததிலிருந்து வேலைகள் நடந்துவருவதால், தடுப்புகளும் மாற்றுவழிகளும் இருக்கக்கூடும். நான் சொன்ன பாதையில் சில இடங்கள் மூடியிருந்தால் சுற்றிப்போக நேரம் ஒதுக்குங்கள். அடுத்தது, விழா நாட்களில் முகப்பின்மேல் பாய்ச்சப்படும் வண்ண விளக்குகள். கூட்டம் அதைப் படமெடுக்கத் திரளுகிறது என்பது உண்மை. ஆனால் ஊதாவும் பச்சையும் மாறிமாறி அடிக்கும்போது கல்லின் நிறமும் செதுக்கலின் நிழலும் காணாமல் போய்விடுகின்றன. சிற்பத்தைப் பார்க்க வந்தவர் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

வெளிச்சம் மிச்சமிருந்தால் எதிரே நிற்கும் மாநகராட்சிக் கட்டடத்தையும் பார்த்துவிடலாம். நிலையம் முடிந்து ஐந்தாண்டு கழித்து, 1893இல், அதே ஸ்டீவன்ஸ் கட்டி முடித்தது அது. ஒரே கையின் இரண்டு வேலைகள் ஒரு சாலைச் சந்திப்பின் இரு பக்கமும் நிற்பதால் ஒப்பிடுவது எளிது. நிலையத்தில் நடுக் குவிமாடத்தோடு சமச்சீராக அமர்ந்த அவர், மூலைமனை கிடைத்த இடத்தில் கோபுரத்தை முனையில் நிறுத்தி இரு சிறகுகளை இரு சாலைகளின் வழியே ஓடவிட்டார். அங்கிருந்து சர்ச்கேட் பக்கம் நடந்தால், போட்டிக் கம்பெனியான பம்பாய்–பரோடா ரயில்வேக்கு அவர் வடிவமைத்து 1899இல் முடிந்த தலைமையகம் வரும். இப்போது அது மேற்கு ரயில்வேயுடையது. அங்கே குவிமாடங்கள் வெளிப்படையாகவே கீழைநாட்டுச் சாயலுக்கு மாறியிருக்கும். ஆறு மணிக்கு முன் கிளம்பிவிட்டால், முகப்பில் கடைசி வெயில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடலாம்.